மூடிய கதவுக்குள் ஒரு வாக்கெடுப்பு

மார்லீன் ஹாட்ச் வாசலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நர்ஸ் உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால்வரை பனியோடு ஆர்டிஸ் கெல்னரின் சமையலறைக்குள் நேராக வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"மூடறாங்க. சனிக்கிழமையோட என் வார்டை மூடறாங்க," என்றாள்.

அடுப்பருகே நின்று நேற்றைய பான்கேக்கைச் சூடாக்கிக்கொண்டிருந்த டுவைட் ராஸ்க்குக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் ஸ்டில்வெல் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆர்டிஸின் மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறான். மார்லீனின் வார்டு என்றால் பிரசவ வார்டு. அதை மூடினால் அடுத்த பிரசவ ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம், ஸ்போகேனில், தொண்ணூற்று நான்கு மைல். போன டிசம்பரில், டாக்டர் ஊரில் இல்லாத ஒரு நாள், அவன் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்தக் கணவாயில் ஏறினான். வழியில் பனி சரிந்து சாலையை அடைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து பனி அள்ளும் இயந்திரம் வந்து வழி விட்டபோது குழந்தை உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"யாரு முடிவு பண்ணினது?" என்று கேட்டாள் ஆர்டிஸ். வயது எழுபத்தொன்று. கவுன்ட்டி நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். ஊரில் கிணற்றுத் தகராறு, உயில் தகராறு, காணாமல் போன கன்றுக்குட்டி எது என்றாலும் ஜனங்கள் ஷெரீஃபிடம் போவதற்கு முன் அவளிடம்தான் வருவார்கள். குரலை உயர்த்தி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரி போர்டு. நேத்து சாயங்காலம். மூணுக்கு ரெண்டு. எல்லார் முன்னாடியும் கதவைத் திறந்து வச்சு வோட்டுப் போட்டதா சொல்றாங்க. ஆனா ஒருத்தர்கூடப் பார்க்கலை, ஆர்டிஸ். நாப்பது பேர் போயிருந்தாங்க, என் பொண்ணும் போயிருந்தா. ஒருத்தர்கூடப் பார்க்கலை."

"நீ?"

"நான் எங்க போறது? வார்டுல ஒரே ஒரு அம்மா, நான் ஒருத்திதான் டியூட்டி. நாலு கிலோ, பையன். அந்த அம்மா வழக்கம்போலப் பட்டனை அழுத்தி, பாட்டுப் போட்டாங்க. நான் பாட்டுக்கு நின்னு அழுதேன். ஒருவேளை இதுதான் கடைசியோன்னு அப்பவே தோணிச்சு."

அவள் மகள் கெல்சிக்கு எட்டு மாதம். இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் பத்து அடி தூரத்தில் இருந்ததால் பிழைத்தாள். மார்லீன் அதைச் சொல்லவில்லை. அந்தச் சமையலறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

"நாளைக்குள்ள ஏதாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்," என்றாள் மார்லீன்.

"அதெல்லாம் வேண்டாம். ஷூவைக் கழட்டு, தரை நனையுது," என்றாள் ஆர்டிஸ். "காபி குடி."

*

கெல்சி தீவனக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். வயிறு மேஜையில் இடித்தது. அழுது முடித்திருந்தாள் போலிருக்கிறது, மூக்கு சிவந்திருந்தது.

"ஆறு நாப்பதுக்கு எங்களை எல்லாம் வெளியே போகச் சொன்னாங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நிலம் வாங்கற விலையைப் பத்தித் தனியாப் பேசணுமாம். ஏழரைக்குத் திறப்போம்னு போர்டுத் தலைவர் வாரன் லுண்ட் சொன்னார். நாங்க வராந்தாவுல நின்னோம். கொஞ்ச நேரத்துல உள்ளே இருந்து பேச்சுச் சத்தமும் கேட்கலை. ஒரே குளிர் வேற. கால் கடுத்துப் போய், எல்லாரும் கீழே கேன்டீனுக்குப் போய்ச் சூப்பு குடிச்சோம். ஏழு இருபதுக்கு நான் மேல வந்து பார்த்தா, கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. 'கூட்டம் எட்டேகால் வரை நீடிக்கும்'னு. குனிஞ்சு படிச்சேன், இந்த வயித்தை வச்சுக்கிட்டு. கீழே போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். எட்டேகாலுக்கு வந்தா, விளக்கை அணைச்சு வீட்டுக்கே போயிட்டாங்க."

"அந்தப் பேப்பர்?"

"இல்லை. அப்படி ஒண்ணை நாங்க ஒட்டவேயில்லைங்கறார் வாரன். பொண்ணுக்குப் பிரசவ நேரத்துல மனசு சரியில்லைன்னு என் காதுபடவே சொன்னார்."

டுவைட்டுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "அவனை..." என்று ஆரம்பித்தான்.

"நீ வண்டியை எடு," என்றாள் ஆர்டிஸ்.

வண்டியில் அவள்தான் அவனுக்குச் சட்டத்தைச் சொன்னாள். "ஆஸ்பத்திரி போர்டு கதவைச் சாத்திக்கலாம். தப்பில்லை. ஆனா சாத்தறதுக்கு முன்னாடி எதுக்குச் சாத்தறோம், எத்தனை மணிக்குத் திறப்போம்னு ஜனங்க முன்னாடி சொல்லணும். நேரம் பத்தலைன்னா வெளியே வந்து புது நேரத்தைச் சொல்லணும். உள்ளே பேசலாம், சண்டை போடலாம். முடிவு மட்டும் கதவைத் திறந்து வச்சுத்தான். உள்ளேயே முடிவு பண்ணியிருந்தா அது செல்லாது."

"அப்ப சுலபம்தானே. நாப்பது பேர் சாட்சி இருக்காங்க."

"நாப்பது பேரும் எதைப் பார்த்தாங்க? சூப்பைப் பார்த்தாங்க. ஏழரைக்குத் திறந்தோம், யாரும் வரலை, நாங்க என்ன பண்றதுன்னு வாரன் சொன்னா, கேன்டீன்ல இருந்தவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

கணவாயின் பக்கம் மேகம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது.

*

போர்டு அறை ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. செயலாளர் ஃபில்லிஸ் ட்ரூட் பதினெட்டு வருடமாக அதே மேஜையில் இருக்கிறாள். வாய் நிறையச் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை.

"கூட்டத்தோட கேசட்டா? கேட்கறவங்களுக்குக் கொடுக்கணும்னுதான் விதி," என்றாள். "டுவைட், அந்தப் பெட்டியை மேல் தட்டுல இருந்து எடுத்துக் கொடுப்பா. தோள்ல ஆபரேஷன் ஆனதுல இருந்து கையை இடுப்புக்கு மேல தூக்க முடியலை."

டுவைட் எடுத்துக் கொடுத்தான். மூடிய கூட்டத்தை யாரும் பதிவு செய்வதில்லை. கதவு திறந்திருக்கும்போது மட்டும் பொத்தானை அழுத்துவது அந்த ஊர் போர்டின் வழக்கம். ஆகவே கேசட்டில் முதலில் ஆறு நாற்பது வரை நடந்தது இருந்தது. பிறகு ஒரு 'டக்'. அடுத்து வாரனின் குரல்.

"மணி ஏழரை. கூட்டம் மறுபடி திறக்கப்படுகிறது. வராந்தாவில் யாரும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்."

காகிதம் புரளும் சத்தம் வந்தது. ஒரு நாற்காலி தரையில் உரசியது, யாரோ தொண்டையைச் செருமினார்கள். தீர்மானத்தை ஒருவர் படித்தார்: பிரசவங்கள் குறைந்துவிட்டன, டாக்டர் கிடைப்பதில்லை, ஆகவே வார்டு மூடப்படும். பின்னால் எங்கோ உயரத்தில் மெல்லிய மணியோசை மாதிரி ஒன்று கேட்டு அடங்கியது. பெயர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். வாரன் ஆம் என்றான். இன்னொருவர் ஆம் என்றார். கடைசியாக ஆர்லோ டீக், மாட்டுப் பண்ணைக்காரர், வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு ஆம் என்றார். கூட்டம் முடிந்தது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்.

ஆர்டிஸ் அதை இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

டுவைட் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது. "கடிகாரம்," என்று அவள் காதில் கிசுகிசுத்தான். "அந்தக் கடிகாரம் வேகமா ஓடுதுன்னா? ஏழரைன்னு அவன் நினைச்ச நேரத்துல உண்மையில ஏழு பத்துதான் ஆயிருந்தா?"

ஆர்டிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்கூடப் பிசகலை. நல்ல கடிகாரம்."

"போச்சா," என்றான் டுவைட்.

"உன் யோசனையில பாதி நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். கேசட்டின் நகல் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கதவருகே போய் நின்றாள். கண்ணாடியில், அவளுடைய இடுப்பு உயரத்தில், ஒட்டு நாடாவின் நான்கு சின்னத் துணுக்குகள் இருந்தன. விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். ஃபில்லிஸ் மேஜையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கீழே வந்ததும் டுவைட்டை வண்டியைச் சூடாக்கச் சொல்லிவிட்டு, ஆர்டிஸ் பிரசவ வார்டுக்கு ஒரு தடவையும் டெலிபோன் ஆபரேட்டர் அறைக்கு ஒரு தடவையும் போய் வந்தாள். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தவள் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பது ஆறு வருடத்தில் டுவைட் கற்றது. ஆனாலும் அன்றைக்கு அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஏதாவது இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. கெல்சியை ஏத்திக்கிட்டு அந்தக் கணவாய்க்குப் போக என்னால முடியாது, ஆர்டிஸ். நிஜமா முடியாது. வேலையை விட்டுடுவேன்."

"நீ விட்டா வேற எவனாவது ஓட்டுவான். ரோடு அதேதான்," என்றாள் அவள். பிறகு அவன் முழங்கையைத் தொட்டாள். "இருக்குப்பா."

*

மறுநாள், வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து போர்டு உறுப்பினர்களும் அந்த அறையில் இருந்தார்கள். கவுன்ட்டி நீதிபதியிடம் போவதற்கு முன் அவர்களோடு பேசிவிடுகிறேன் என்று ஆர்டிஸ் சொல்லியனுப்பியிருந்தாள். ஃபில்லிஸ் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மார்லீன் சுவரோடு சாய்ந்து நின்றாள். கதவைத் திறந்தே வைக்கும்படி ஆர்டிஸ் டுவைட்டிடம் சொல்லியிருந்தாள். அவன் ஒரு நாற்காலியை அதற்கு முட்டுக் கொடுத்தான்.

"எனக்கு நாலு மணிக்கு ஆள் வர்றாங்க," என்றான் வாரன் லுண்ட். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஐந்து வருடமாகப் போர்டுத் தலைவர். "பேப்பர் கதையா? அந்தப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல எதையோ பார்த்திருக்கு."

"பேப்பர்ல இருந்தே ஆரம்பிக்கறேன், வாரன்," என்றாள் ஆர்டிஸ். "கெல்சி அதைக் குனிஞ்சு படிச்சதா சொன்னா. எட்டு மாசக் கர்ப்பிணி குனியணும்னா பேப்பர் எங்க ஒட்டியிருக்கும்? கண்ணாடியில ஒட்டு நாடா இன்னும் இருக்கு. இடுப்பு உயரத்துல. அறிவிப்பை யாராவது இடுப்பு உயரத்துல ஒட்டுவாங்களா? அதுக்கு மேல கையைத் தூக்க முடியாதவங்க ஒட்டுவாங்க."

யாரும் ஃபில்லிஸைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

"அதனால என்ன?" என்றான் வாரன் வேகமாக. "ஃபில்லிஸ் ஏதோ தப்பா ஒட்டியிருக்கா. நாங்க ஏழரைக்குத் திறந்தோம். கேசட்டுல இருக்கு."

"கேசட்டுல நீ ஏழரைன்னு சொல்றது இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் நான் கோர்ட்டுல உட்கார்ந்து ஜனங்க சொன்னதை மட்டும் எழுதினேன். யார் இருமினாங்க, எங்க ரயில் போச்சு, அதெல்லாம் எழுதக் கூடாது. காதுல விழுந்தாலும் விழாத மாதிரி. ரிட்டயர் ஆனப்புறம்தான் மத்ததெல்லாம் கேட்க ஆரம்பிச்சேன்." அவள் பதிவுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

வாரனின் குரல், நாற்காலி, தீர்மானம். அப்புறம் அந்த மணியோசை. ஆர்டிஸ் அங்கே நிறுத்தி, பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினாள். இந்தத் தடவை அது மணியோசை மாதிரி இல்லை. தாலாட்டு மெட்டு ஒன்றின் முதல் இரண்டு வரி.

மார்லீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது என்னன்னு இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும்," என்றாள் ஆர்டிஸ். "இந்த ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை பிறந்தா அம்மா ஒரு பட்டனை அழுத்துவா. கட்டடம் முழுக்க இது கேட்கும். உங்க தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் இருக்கு. இத்தனை வருஷமாக் கேட்டுக் கேட்டு உங்க காதுக்கு அது சத்தமாவே தெரியலை. பதிவுப் பெட்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. செவ்வாய்க்கிழமை பூரா இங்க ஒரே ஒரு குழந்தைதான் பிறந்துச்சு. மார்லீனோட ரெஜிஸ்டர்ல ஏழு ரெண்டு. பாட்டு எப்பப் போச்சுன்னு கீழே ஆபரேட்டர் எழுதி வைக்கறா, அந்த நேரத்துல யாரையும் மைக்குல கூப்பிடக் கூடாதுங்கறதுக்காக. அவ எழுதினது ஏழு பதினொண்ணு."

அவள் சற்று நிறுத்தினாள். "அதாவது ஏழு பதினொண்ணுக்கு நீங்க வோட்டுப் போட்டுக்கிட்டிருந்தீங்க. கதவு சாத்தியிருந்துச்சு. பெட்டியில ஏழரைன்னு சொன்னது பொய். ஜனங்க ஏழரைக்கு வந்து நின்னா பொய் வெளிப்பட்டுடும், அதனால எட்டேகால்னு பேப்பரை ஒட்டி அவங்களைக் கீழேயே உட்கார வச்சீங்க."

"எவனோ ரேடியோ வச்சிருந்திருப்பான்," என்றான் வாரன். குரல் முன்போல இல்லை.

"வாரன், போதும்," என்றாள் ஃபில்லிஸ். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். "நான்தான் ஒட்டினேன். எல்லாரும் போனப்புறம் நான்தான் கிழிச்சேன். இவர் எழுதிக் கொடுத்தார். ஜனங்க உள்ளே இருந்தா ஆர்லோ மனசு மாறிடுவார்னு சொன்னார். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு பென்ஷனுக்கு, அதான் வாயை மூடிக்கிட்டேன். மார்லீன், என்னை மன்னிச்சுடு."

மார்லீன் சுவரை விட்டு விலகி ஜன்னலோரம் போய் நின்றாள்.

வாரன் தலையை நிமிர்த்தியபோது அவன் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று டுவைட் தேடினான். இல்லை.

"சரி. அந்த வோட்டு செல்லாது," என்றான் வாரன். "ஒத்துக்கறேன். இருபத்து நாலு மணி நேரம் முன்னாடி நோட்டீஸ் கொடுத்து நாளைக்கு ஆறு மணிக்குக் கூடறோம். கதவைத் திறந்து வச்சு, அதே தீர்மானம். அதே மூணு பேர். அப்ப சட்டம் என்ன சொல்லும், ஆர்டிஸ்?"

"ஒண்ணும் சொல்லாது," என்றாள் அவள்.

டுவைட் திரும்பி அவளைப் பார்த்தான். அவளுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது. வராந்தாவில் அவளை நிறுத்தி, "அப்ப இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டான். "ஒரு நாளுக்கா? வெறும் ஒரு நாளுக்கா?"

"அவங்க அதை ஜனங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும், டுவைட். சட்டம் கொடுக்கறது அவ்வளவுதான். அதுக்கு மேல அதுகிட்ட ஒண்ணும் கிடையாது."

*

வெள்ளிக்கிழமை கணவாயை மூடிவிட்டார்கள். ஆறு மணிக்குப் போர்டு அறை கொள்ளாமல் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். முந்நூறு பேராவது வந்திருப்பார்கள். கோட்டுகளிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் ஈரம். மார்லீன் வரவில்லை, நான்கு மணிக்கு ஒரு பெண் வலியோடு வந்து சேர்ந்திருந்தாள், வார்டில் வேறு நர்ஸ் இல்லை. கெல்சியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

வாரன் தீர்மானத்தைப் படித்தான். பெயர்களைக் கூப்பிட்டார்கள். இல்லை. இல்லை. ஆம். அதைச் சொன்னவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாரனின் ஆம் உரக்க வந்தது. டுவைட் வாசலருகே நின்று கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு ஆள்.

"ஆர்லோ டீக்," என்றாள் ஃபில்லிஸ்.

ஆர்லோ எழுந்து நின்றார். அறுபத்தைந்து வயதுக்காரர், தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவர் கெல்சியைப் பார்த்தார்.

"உன் முதல் பொண்ணு வர எவ்வளவு நேரமாச்சும்மா?"

"வலி எடுத்து நாப்பது நிமிஷம். அஞ்சு வாரம் முன்னாடியே வந்துட்டா," என்றாள் கெல்சி.

"முன்கூட்டியே ஸ்போகேன்ல போய்த் தங்கிக்கலாமேன்னு வாரன் சொல்றார்."

"எப்பப் போறது? எத்தனை வாரம் முன்னாடி? நீங்களே ஒரு தேதி சொல்லுங்க, போறேன்."

ஆர்லோ கூட்டத்தைத் தாண்டி டுவைட்டைப் பார்த்தார். "இப்ப இந்தப் பொண்ணுக்கு வலி எடுத்தா, நீ எவ்வளவு நேரத்துல கொண்டு போவ?"

முந்நூறு பேரும் திரும்பினார்கள். டிசம்பரைப் பற்றி டுவைட் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போதும் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"கொண்டு போக மாட்டேன், சார்," என்றான். "கணவாய் மூடியிருக்கு. வண்டியில உட்கார வச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

எங்கோ ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் அதை அடக்கவில்லை. ஆர்லோ தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல எண்ணிக்கையைத்தான் பார்த்தோம்," என்றார். "வருஷத்துக்கு அறுபத்திரண்டு பிரசவம். ரொம்பக் கம்மின்னு எனக்கும் பட்டுச்சு." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "இல்லை. என் வோட்டு இல்லைன்னு எழுதிக்கோ, ஃபில்லிஸ்."

டுவைட் கைதட்டலுக்கு நிற்கவில்லை. மூன்று மாடிப் படிகளையும் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. வார்டின் கதவைத் தள்ளினான். மார்லீன் முகமூடியோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள், முழங்கைவரை கையுறை. படுத்திருந்த பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"மார்லீன், ஆர்லோ..."

"அப்புறம் சொல்லு," என்றாள் அவள் திரும்பாமல். "இப்ப தலை தெரியுது. சும்மா நிக்காதே, கையைக் கழுவிட்டு இவங்க தோளைப் பிடி."

அவன் கையைக் கழுவினான். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது, துடைக்க நேரமில்லை. போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டான்.